நரேனின் ஐந்து புள்ளியும் அபுதாபியின் ஐந்து காரும்

போன டிசம்பர் 7ஆம் திகதி லாண்டோ நொரிஸ் உலக சம்பியன் ஆனார். நொரிஸ் 423 புள்ளி, வெர்ஸ்டப்பன் 421, பியாஸ்ட்ரி 410. அண்டைக்கு இரவு எங்கட வட்ஸ்அப் குழுவில தொடங்கின சண்டை இன்னும் ஓயவில்லை. வெள்ளவத்தைப் பொடியன் ஒருத்தன் கல்குலேட்டரும் கையுமா நிற்கிறான். "செப்டெம்பர் 7, மொன்சா. பிட் ஸ்டொப்பில நொரிஸுக்கு டயர் மாத்தப் பிந்திப் போச்சு. பியாஸ்ட்ரி முன்னுக்குப் போயிட்டான். மக்லாரன் ரேடியோவில சொல்லி இடத்தைத் திருப்பிக் குடுக்க வச்சது. இரண்டாம் இடத்துக்கு 18, மூன்றாம் இடத்துக்கு 15. அந்த மூண்டைக் கழிச்சுப் பார். நொரிஸ் 420, வெர்ஸ்டப்பன் 421. கள்ளச் சம்பியன்ஷிப் மச்சான்!"

கழித்தல் கணக்குச் சரிதான். ஆனால் அதே நொரிஸ் லாஸ் வேகாஸில் இரண்டாவதாக வந்து, காரின் அடிப்பலகை அளவுக்கு மேல் தேய்ந்திருந்ததால் தகுதி நீக்கப்பட்டு, 18 புள்ளியை அப்படியே இழந்தவர். 24 போட்டி உள்ள ஒரு சீசனில் தனக்குப் பிடித்த ஒரு போட்டியை மட்டும் பிடுங்கி எடுத்துக் கணக்குப் பார்த்தால் யாரையும் சம்பியன் ஆக்கலாம். அதை விடுவம். என்னுடைய கோபம் வேறு. மொன்சாவுக்கு இப்படித் துள்ளுகிற இதே ஆள், 2021 அபுதாபி பற்றிக் கேட்டால் "அதெல்லாம் ரேஸ் மச்சான், அப்பிடித்தான் இருக்கும்" எண்டு தோளைக் குலுக்குவான். இவன் மட்டுமில்லை, எங்கட வயசு ரசிகர்களில் பாதிப் பேர் இப்படித்தான். டீம் ஓர்டர் எண்டால் அநியாயம், சேஃப்டி கார் எண்டால் அதிர்ஷ்டம். தலைகீழாக நிற்கிற இந்த நியாயத்தைத்தான் நான் சண்டைக்கு இழுக்கிறேன்.

டீம் ஓர்டர் எவ்வளவு சின்ன விஷயம் எண்டு விளங்க அபுதாபி வரைக்கும் போகத் தேவையில்லை, காலி வீதிக்கு வாங்கோ. 100ஆம் நம்பர் பஸ் இரண்டு, வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரைக்கும் ஒன்றையொன்று முந்தி ஓடுகிறது என்று வையுங்கள். இரண்டும் ஒரே முதலாளியுடையது. முதலாளி கோல் எடுத்து, "டேய், நீ பின்னுக்கு வா, அவன் போகட்டும்" என்கிறார். பின்னுக்குப் போன சாரதிக்கு அண்டைக்குக் கலெக்‌ஷன் குறையும், அவருக்கு எரிச்சல் வரும். அது அவருக்கும் முதலாளிக்கும் இடையில் உள்ள கணக்கு. 101 பஸ்காரருக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை. இப்போது வேறொன்றை நினைத்துப் பாருங்கள். தரிப்பிடத்தில் கொப்பியோடு நிற்கிற டைம் கீப்பர், எல்லா பஸ்ஸையும் ஒரே மாதிரி நிறுத்த வேண்டியவர், ஒரு பஸ்ஸுக்கு முன்னால் நிற்கிற வாகனங்களை மட்டும் விலக்கி விடுகிறார். மற்றவர்கள் நிற்கிற இடத்திலேயே நில்லுங்கள் என்கிறார். ஏன் எண்டு கேட்டால், "சனத்துக்கு ரேஸ் பாக்க விருப்பம்" என்கிறார். எது பெரிய அநியாயம்? கொண்டக்டர்மார் யாருடைய சேட்டைப் பிடிப்பார்கள்?

டீம் ஓர்டருக்குத் தடை போட்டும் பார்த்தாயிற்று. 2002 மே மாதம் ஒஸ்ட்ரியாவில், முடிவுக் கோட்டுக்கு முன்னால் வைத்து பரிக்கெல்லோ காரை மெதுவாக்கி ஷூமாக்கரை வெல்ல விட்டார். சனம் கூச்சலிட்டது, வெட்கம் தாங்காமல் ஷூமாக்கர் அவரை மேடையின் உச்சிப் படியில் ஏற்றி விட்டார். எஃப்.ஐ.ஏ. பத்து இலட்சம் டொலர் தண்டம் போட்டது. அதுவும் இடம் மாற்றியதற்கு இல்லை, மேடைச் சம்பிரதாயத்தைக் குழப்பியதற்கு! அடுத்த வருடம் தடை வந்தது. தடையால் என்ன நடந்தது? டீம்கள் சங்கேத பாஷை படித்தன. 2010இல் ஹொக்கன்ஹைமில் மஸாவுக்கு ரேடியோவில் யாரும் "வழி விடு" எண்டு சொல்லவில்லை. அலொன்சோ உன்னைவிட வேகமாக இருக்கிறார், விளங்கியதா எண்டு மட்டும் கேட்டார்கள். விளங்கியது. ஃபெராரி ஒரு இலட்சம் டொலர் கட்டிவிட்டுப் போனது. 2011இல் தடையை எடுத்துவிட்டார்கள், நல்ல வேலை. ஒளித்துச் செய்கிற ஓர்டரை விட எல்லோருக்கும் கேட்கிற ஓர்டர் மேல். மொன்சாவில் பியாஸ்ட்ரி முதலில் வாதாடினது, பிறகு விட்டுக்கொடுத்தது எல்லாம் எங்களுக்கு நேரலையில் கேட்டது. பிடிக்கவில்லை என்றால் அவர் அடுத்த கொன்ட்ராக்டில் பேசிக்கொள்ளட்டும்.

சரி, இனி அந்த டைம் கீப்பரின் கதை.

2021 டிசம்பர் 12. இங்கே காஸ் சிலிண்டர் எப்ப வெடிக்கும் எண்டு பயந்து பயந்து சமைத்த காலம். ஹமில்டனும் வெர்ஸ்டப்பனும் ஆளுக்கு 369.5 புள்ளியோடு கடைசிப் போட்டிக்கு வந்தார்கள். (அந்த அரைப் புள்ளியே ஒரு கேவலம். ஓகஸ்டில் பெல்ஜியத்தில் மழைக்குள் ஒரு சுற்றுக்கூட உண்மையாக ஓடாமல், சேஃப்டி காருக்குப் பின்னால் ஊர்ந்ததற்கே பாதிப் புள்ளி பிரித்துக் கொடுத்தார்கள்.) மொத்தம் 58 சுற்று. ஹமில்டன் பதினொரு செக்கன் மட்டில் முன்னால் போய்க்கொண்டிருக்க, 53ஆம் சுற்றில் நிக்கலஸ் லத்திஃபியின் கார் சுவரில் மோதியது. சேஃப்டி கார் வெளியே வந்தது. வெர்ஸ்டப்பன் உள்ளே போய்ப் புது டயர் போட்டுக்கொண்டு வந்தார். ஹமில்டன் போனால் முதலிடம் போய்விடும், அதனால் பழைய டயரோடு வெளியிலேயே நின்றார். இது வரைக்கும் யாரிலும் பிழை சொல்ல முடியாது. சேஃப்டி கார் வந்தால் கார்கள் எல்லாம் ஒன்று சேரும், உழைத்துச் சேர்த்த இடைவெளி கரைந்து போகும். மழை மாதிரி, யாருக்கு அடிக்கும் எண்டு தெரியாது.

இருவருக்கும் இடையில் சுற்றுப் பின்தங்கிய கார்கள் ஐந்து நின்றன. அப்போதைய விதி சொன்னது இரண்டு விஷயம். பின்தங்கிய கார்களை முந்திப் போகவிட்டால், கடைசியாகப் போன கார் முதலிடத்துக் காரைத் தாண்டிய பிறகு வருகிற சுற்றின் முடிவில்தான் சேஃப்டி கார் உள்ளே போக வேண்டும். அப்படிச் செய்திருந்தால் போட்டி சேஃப்டி காருக்குப் பின்னாலேயே முடிந்திருக்கும். அல்லது பின்தங்கிய கார்களை விடாமலே போட்டியைத் தொடங்கலாம். அப்படியென்றால் வெர்ஸ்டப்பன் அந்த ஐந்தையும் தாண்டித்தான் ஹமில்டனைப் பிடிக்க வேண்டும். முதலில் வந்த அறிவிப்பும் அதுதான்: யாரும் முந்தக்கூடாது.

பிறகு ரெட் புல் ரேடியோவில் கதைத்தது. ரேஸ் டிரெக்டர் மைக்கல் மாஸி மனசை மாற்றினார். ஐந்து கார் மட்டும் போகலாம் என்றார். நொரிஸ், அலொன்சோ, ஓகொன், லெக்லேர், வெட்டல். ஆம், இப்போதைய சம்பியன் நொரிஸும் அதில் ஒருத்தர். அதே சுற்றிலேயே சேஃப்டி காரையும் உள்ளே எடுத்தார். ஒரே ஒரு சுற்று, புது டயரும் பழைய டயரும். முடிவு எல்லோருக்கும் தெரியும்.

கொட்டாஞ்சேனையில் இருக்கிற ஒருத்தி எங்கட குழுவில கேட்ட கேள்வியைத்தான் அண்டைக்கு உலகம் கேட்டிருக்க வேண்டும்: "அப்ப மற்ற மூண்டு காரும் என்ன பாவம் செய்தது?" பின்தங்கிய கார்கள் மொத்தம் எட்டு. ரிக்கியார்டோ, ஸ்ட்ரோல், மிக் ஷூமாக்கர் மூவரும் விடப்படவில்லை. அவர்கள் வெர்ஸ்டப்பனுக்கு இடைஞ்சல் இல்லை, ஆகவே அவர்கள் இல்லவே இல்லை. இதில் மூன்றாம் இடத்தில் நின்ற சைன்ஸின் நிலைமையை யாரும் கதைப்பதில்லை. அவருக்கும் வெர்ஸ்டப்பனுக்கும் இடையில் பின்தங்கிய கார் இரண்டு அப்படியே நின்றன. வெல்கிற வாய்ப்பு அவருக்கும் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். அதை ஓடிப் பார்க்க விடவில்லை. வாகனம் விலக்கிக் கொடுத்தது ஒரு ஆளுக்கு மட்டும்.

மேர்சிடிஸ் முறைப்பாடு செய்தது. சேஃப்டி காரைப் பயன்படுத்துவதில் ரேஸ் டிரெக்டருக்கு மேலதிகாரம் உண்டு எண்டு 15.3ஆம் விதியைக் காட்டித் தள்ளுபடி செய்தார்கள். அதாவது, விதி ஒன்று இருக்கிறது, அந்த விதியை ஒதுக்கி வைக்கலாம் எண்டு இன்னொரு விதியும் இருக்கிறது. இந்த நாட்டில் அவசரகாலச் சட்டத்துக்குக் கீழே பிறந்து வளர்ந்த எங்களுக்கு இந்த வாசனை தெரியாதா? 2022 மார்ச்சில் வந்த எஃப்.ஐ.ஏ. அறிக்கை, மாஸி நல்லெண்ணத்தோடு செயற்பட்டார், பின்தங்கிய கார்களை அடையாளம் கண்டதில் மனிதத் தவறு நடந்தது, முடிவு செல்லுபடியாகும் என்றது. அதற்கு முன்பே அவரை அந்தப் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். விதியிலும் ஒரு சொல் மாறியது. "எந்தப் பின்தங்கிய காரும்" எண்டு வாசிக்கக்கூடியதாக இருந்தது, "எல்லாப் பின்தங்கிய கார்களும்" எண்டு ஆனது. ஒரு சொல்லில் ஒரு உலக சம்பியன்ஷிப் ஒளிந்திருந்திருக்கிறது.

வெர்ஸ்டப்பன் ரசிகர்களே, கல் எறிய முன்னம் ஒரு நிமிஷம். அவர் அந்த சீசனில் பத்துப் போட்டி வென்றவர். அவரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கிடைத்த வாய்ப்பில் எந்தச் சாரதியும் அதைத்தான் செய்வார். நான் கதைப்பது கொப்பியோடு நிற்கிற ஆளைப் பற்றி.

சேஃப்டி கார் ஏன் இருக்கிறது எண்டு மறந்துபோனதுதான் இதற்கெல்லாம் மூலம். போட்டியைச் சுவாரஸ்யமாக்க அதைக் கண்டுபிடிக்கவில்லை. உடைந்த காருக்குப் பக்கத்தில் ஒரேஞ்ச் உடுப்போடு ஓடுகிற மார்ஷல்கள் உயிரோடு வீட்டை போகத்தான். அவர்களில் பெரும்பாலானவர்கள் சம்பளம் இல்லாத தொண்டர்கள். 2014 ஒக்டோபர் 5, ஜப்பானில் சுசூகா. மழை. ஒரு காரைத் தூக்க ட்ராக்டர் உள்ளே வந்திருந்தது. மஞ்சள் கொடி ஆடியது, சேஃப்டி கார் வரவில்லை. ஜூல்ஸ் பியாங்கியின் கார் வழுக்கி அந்த ட்ராக்டருக்குள் போனது. ஒன்பது மாதம் நினைவு திரும்பாமல் கிடந்து 2015 ஜூலையில் இறந்தார். வெர்ச்சுவல் சேஃப்டி கார் என்கிற முறை அதற்குப் பிறகுதான் வந்தது. எல்லோரும் நிற்கிற இடத்தில் நிற்கிறபடி வேகத்தைக் குறைப்பது. இடைவெளியும் கரையாது. பிறகு ஏன் உண்மையான சேஃப்டி கார் இன்னும் தேவை? கார்கள் எல்லாம் ஒரு கூட்டமாகப் போனால்தான், அவை சுற்றி வரும் வரைக்கும் மார்ஷல்களுக்குப் பாதை வெறுமையாகக் கிடைக்கும். உயிருக்காக ஒருத்தர் தன் பதினொரு செக்கனைக் கொடுக்கிறார். கேட்கிற அதிகாரம் அவ்வளவு பெரியது. அதனால்தான் அதை வேறொன்றுக்கும் தொடக்கூடாது.

இது தூரத்துக் கதை இல்லை. 2024 ஏப்ரல் 21, தியத்தலாவை, ஃபொக்ஸ் ஹில். ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு நடந்த போட்டி, இலட்சக்கணக்கில் சனம் எண்டு பேச்சு. ஒரு கார் ஏற்கனவே கவிழ்ந்து கிடக்க, மெதுவாகப் போகும்படி ஓரத்தில் சைகை காட்டிக்கொண்டிருந்ததாக அப்போதைய செய்திகள் சொல்லின. வந்த காரொன்று பாதையை விட்டு விலகி சனத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேர் செத்தார்கள், அதில் எட்டு வயதுப் பிள்ளை ஒன்று. அந்த வீடியோவை எங்களில் எத்தனை பேர் போனில் பார்த்தோம், எத்தனை பேருக்கு அனுப்பினோம். அதைப் பார்த்த பிறகும் "சேஃப்டி கார் வந்தால்தான் மச்சான் ரேஸ் சூடு பிடிக்கும்" எண்டு எழுத மனம் வருகிறவர்களிடம் எனக்குக் கதைக்க ஒன்றும் இல்லை.

டீம் ஓர்டர் எப்போது உண்மையில் குற்றம் ஆகிறது? இந்த அதிகாரத்தைக் கடன் வாங்கும்போது. 2008 செப்டெம்பர் 28, சிங்கப்பூர், முதல் இரவுப் போட்டி. ரெனோ டீம் தன் சாரதி நெல்சன் பிக்கே ஜூனியருக்குக் கொடுத்த ஓர்டர், சுவரில் மோது என்பது. அவர் மோதினார். சேஃப்டி கார் வந்தது, சற்று முன்னர்தான் டயர் மாற்றிவிட்டிருந்த அலொன்சோ வென்றார். அவருக்கு இது தெரியாது என்றுதான் விசாரணை முடிந்தது. அந்தப் போட்டியில் முன்னால் ஓடிய மஸா, சேஃப்டி கார் நேரத்து அவசரத்தில் எரிபொருள் குழாயையும் இழுத்துக்கொண்டு போய் 13ஆவதாக வந்தார். வருட முடிவில் ஒரே ஒரு புள்ளியால் சம்பியன்ஷிப்பை இழந்தார். ஆனால் எனக்கு மஸாவை விட, வேண்டுமென்றே உடைக்கப்பட்ட அந்தக் காரைத் தூக்க ஓடிய மார்ஷல்கள்தான் ஞாபகம் வருகிறது. ஃப்ளேவியோ பிரியாத்தோரேயை எஃப்.ஐ.ஏ. காலவரையின்றித் தடை செய்தது. 2010இல் பிரெஞ்சு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 2024இல் அவர் அல்பினுக்கு ஆலோசகராக வந்தார். அல்பின் வேறு ஒன்றுமில்லை, அதே ரெனோ டீம்தான் புதுப் பெயரோடு. மொன்சாவின் மூன்று புள்ளிக்குக் கல்குலேட்டர் எடுத்தவர்களில் யாராவது இதற்கு ஒரு மீம் போட்டீர்களா?

இனி நரேன். எங்கட குழுவில நரேன் கார்த்திகேயன் பெயர் வந்தாலே சிரிப்பு. கோயம்புத்தூர்க்காரர், ஃபார்முலா வன்னில் ஓடிய முதல் இந்தியர், அந்த மேடைக்கு வந்த முதல் தமிழர். எடுத்த புள்ளி வாழ்க்கையிலேயே ஐந்து, அதுவும் ஆறு கார் ஓடின போட்டியில். நான் சொல்கிறேன், அந்த ஐந்து புள்ளி அபுதாபிப் பட்டத்தை விடச் சுத்தமானது.

2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ். மிஷலின் டயர் அந்தப் பாதையின் சரிந்த வளைவைத் தாங்காது எண்டு மிஷலினே சொல்லிவிட்டது. வளைவுக்கு முன்னால் ஒரு வேகத்தடுப்புத் திருப்பம் போடுங்கள், எல்லோரும் ஓடலாம் எண்டு டீம்கள் கேட்டன. எஃப்.ஐ.ஏ. மறுத்தது: சரியான டயரோடு வந்தவர்களைத் தண்டிக்க முடியாது, வேண்டுமென்றால் வளைவில் மெதுவாகப் போங்கள். தொடக்கச் சுற்று முடிந்ததும் 14 கார்கள் உள்ளே போய் நின்றுகொண்டன. மிஞ்சியது பிரிஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு. சனம் போத்தல் எறிந்தது. ஷூமாக்கர், பரிக்கெல்லோ, மொன்டெய்ரோ, நாலாவதாக நரேன்.

அசிங்கமான பிற்பகல்தான். டிக்கெட் வாங்கியவர்களுக்குச் செய்தது துரோகம்தான். ஆனால் விதியின் பக்கத்திலிருந்து பாருங்கள். போட்டி நடுவில் யாருக்காகவும் ஒன்றும் மாறவில்லை. காட்சி செத்தது, விதி தப்பியது. ஜோர்டன் மாதிரி ஒரு ஏழை டீம் சரியான டயரோடு வந்து, கடைசி வரைக்கும் ஓடி முடித்து எடுத்த ஐந்து புள்ளி அது. அதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், ஐந்து காரை மட்டும் விலக்கிக் கொடுத்த பட்டத்துக்குக் கை தட்டுகிறார்கள்.

பின்வரிசைச் சாரதிக்கு இந்த விளையாட்டில் என்ன மரியாதை என்பதும் நரேனின் கதையில் இருக்கிறது. 2012 மலேசியா. எச்.ஆர்.டி. என்கிற ஓட்டைக் காரில் நரேன். முந்திப் போன வெட்டல் குறுக்கே வெட்ட, நரேனின் முன்சிறகு பட்டு அவருடைய டயர் கிழிந்தது. வெட்டல் அவரை முட்டாள் என்றார், வெள்ளரிக்காய் என்றார். தண்டனை கிடைத்தது நரேனுக்கு, 20 செக்கன். அதே போட்டியில் ஜென்சன் பட்டனும் நரேனோடு மோதினார். அவர் பிழை தன்னுடையது எண்டு நேராகச் சொல்லிவிட்டார். நீலக்கொடி காட்டினால் விலக வேண்டும், அது சரி. அதற்காகப் பின்னால் வருகிறவன் பாதையில் கிடக்கிற சாமான் இல்லை. அபுதாபியில் அந்த மூன்று பேரைச் சாமானாகத்தான் நடத்தினார்கள். (விலக்கி விடப்பட்ட ஐந்தில் வெட்டலும் ஒருத்தர் எண்டு கவனித்தீர்களா? அண்டைக்கு அவரே பின்தங்கிய கார். வெள்ளரிக்காய் எண்டு யாரும் சொல்லவில்லை.)

"அப்ப போட்டி சேஃப்டி காருக்குப் பின்னால சவ ஊர்வலம் மாதிரி முடிஞ்சால் உனக்குச் சந்தோஷமோ?" எண்டு கேட்பீர்கள். முடியட்டுமே. 2022 செப்டெம்பரில் மொன்சாவில் அப்படித்தான் முடிந்தது. ரிக்கியார்டோவின் கார் நின்றுபோனது, நேரம் போதவில்லை, விதியை வளைக்காமல் சேஃப்டி காருக்குப் பின்னாலேயே கொடி காட்டினார்கள். வென்றது வெர்ஸ்டப்பன். ஃபெராரி ரசிகர்கள் ஊளையிட்டார்கள். அது சரியான முடிவு. ஒன்பது மாதத்துக்கு முந்தி அதையே செய்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

செய்ய வேண்டியது ஒன்று இன்னும் மிச்சம். சிவப்புக் கொடி காட்டிப் போட்டியை நிறுத்தினால் எல்லோரும் சும்மா டயர் மாற்றிக்கொள்ளலாம் என்கிற விதியைத் தூக்க வேண்டும். மழையும் உடைவும் தவிர. கடைசிச் சுற்றுகளில் சேஃப்டி காருக்குப் பதிலாகச் சிவப்புக் கொடி காட்டுங்கள் எண்டு கேட்கிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. 2024 மொனாக்கோவில் முதல் சுற்றிலேயே விபத்து, சிவப்புக் கொடி. முன்னணியில் நின்றவர்கள் அங்கேயே டயரை மாற்றிக் கட்டாய மாற்றத்தையும் முடித்துவிட்டு, மிச்சப் போட்டி முழுக்க ஊர்ந்தார்கள். முதல் பத்து இடமும் தொடங்கின வரிசையிலேயே முடிந்தது. ஃபார்முலா வன் வரலாற்றில் அப்படி ஒன்று அதற்கு முன் நடந்ததில்லை. பழைய டயரில் நிதானமாக ஓடத் திட்டம் போட்டு வந்தவனுக்கும் அவசரப்பட்டவனுக்கும் ஒரே பரிசு. கல்குலேட்டர் வைத்திருக்கிறவர்கள் அதை எடுங்கோ, அந்தக் கணக்கைப் பாப்பம்.